முகத்தைக் கேட்கிறார்கள், சீட்டைத் தர மறுக்கிறார்கள்!

"உன்னை நீயே விற்கத் தெரிந்துகொள்!"

இந்த உபதேசம் இன்று நாலா பக்கமும் நடக்கிறது. கல்லூரிகளில் வேலை வாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் அதிலும் நடக்கிறது. கோட்டு மாட்டிய கனவான் ஒருவர் வந்து நின்று, வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறார். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டுமாம். அதன் உச்சியில் ஒரு முகப் படம் இருக்க வேண்டுமாம். தோள் நேராக, பின்னால் வெள்ளைத் திரை, உதட்டில் அளவான சிரிப்பு. எழுத்தில் அடக்கம் உதவாதாம். "ஊக்கம் மிகுந்தவன், எந்த நெருக்கடியிலும் முகம் சுளிக்காதவன், சொன்ன வேலைக்கு மேலும் செய்பவன்" என்று தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள வேண்டுமாம்.

சொன்ன வேலைக்கு மேலும்! அந்த மேல் வேலைக்குக் கூலி உண்டா என்று கேட்டு எழுத மட்டும் அந்தப் பக்கத்தில் இடம் கிடையாது.

இது யாரோ பட்டணத்துப் பிள்ளைகளின் சங்கதி, நமக்கென்ன என்று தோழர்கள் நினைக்க வேண்டாம். கோவையிலும் ராஜபாளையத்திலும் ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிற தொழிலாளியின் மகன் டிப்ளமா முடித்துவிட்டு நிற்கிறான். தஞ்சையில் நடவுக்குப் போகிற தாயின் மகள் நர்சிங் படித்துவிட்டு நிற்கிறாள். தகப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையை போட்டோ ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போகிறார். அங்கே கம்ப்யூட்டரில் இல்லாத கோட்டை மாட்டுகிறார்கள். இருக்கிற கறுப்பைக் கழுவுகிறார்கள். ஸ்டூடியோக்காரர் மேல் நமக்குக் கோபமில்லை. அவரும் கேட்டதைச் செய்து கொடுத்துப் பிழைக்கிற உழைப்பாளிதான். கறுப்புத் தோலுக்கு வேலை கிடைக்காது என்று அந்தத் தகப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அதுதான் நம் கேள்வி.

தன்னை விற்பதா, வேலையை விற்பதா?

இந்த உபதேசத்துக்கு ஒரு மூல புருஷர் உண்டு. டாம் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க நிர்வாக ஆலோசகர் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார். இனிமேல் ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே ஒரு கம்பெனி, சோப்புக்கும் செருப்புக்கும் பிராண்டு இருப்பது போல ஒவ்வொரு ஆளும் ஒரு பிராண்டு என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு வந்த உபதேசிகள் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் வெவ்வேறு மெட்டில் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. நாமும் முதலாளி, நமக்கும் ஒரு கம்பெனி! ஆனால் இந்தக் கம்பெனிக்கு மூலதனம் எங்கே? மிஷின் எங்கே? நிலம் எங்கே? இரண்டு கையும் ஒரு வயிறும்தானே ஆஸ்தி! ஒரு மாதம் வேலை நின்றால் அடுப்பில் பூனை தூங்குகிற கம்பெனி இது.

தொழிலாளி எதை விற்கிறான் என்பதை மார்க்ஸ் 1867-லேயே 'மூலதனம்' நூலில் பிரித்துக் காட்டிவிட்டார். தொழிலாளி தன்னை விற்பதில்லை. தன் உழைப்புச் சக்தியை, அதையும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் விற்கிறான். முழுக்கத் தன்னையே விற்றுவிட்டால் அவன் தொழிலாளி அல்ல, அடிமை. எட்டு மணி நேரப் போராட்டமே இந்த எல்லைக்கான போராட்டந்தான். எட்டு மணிக்கு மேல் என் கை என்னுடையது என்றான் தொழிலாளி. இப்போது வந்திருக்கிற உபதேசம் என்ன சொல்கிறது? கை போதாது, உன் சிரிப்பையும் கொடு, குணத்தையும் கொடு, முகத்தையும் கொடு என்கிறது. அதற்கு வேறு கூலியாவது கூட்டித் தருகிறார்களா? அந்தப் பேச்சே இல்லை!

படம் எதற்கு?

"ஆளைத் தெரிந்துகொள்ளத்தானே படம் கேட்கிறார்கள், இதில் என்ன சூது?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். படம் கேட்டு ஆள் எடுத்த கதை ஒன்றைச் சொல்கிறோம்.

1914-ல் அமெரிக்காவில் உட்ரோ வில்சன் ஜனாதிபதி. சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடுகிறவர்கள் போட்டோவும் தர வேண்டும் என்று அந்த வருஷம் சிவில் சர்வீஸ் கமிஷன் விதி செய்தது. ஆள் மாறாட்டத்தைத் தடுக்கத்தான் என்று காரணமும் சொன்னது. கேட்டால் நியாயமாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அங்கே இன்னொரு விதி இருந்தது. பரீட்சையில் தேறியவர்களில் முதல் மூன்று பேரை அதிகாரியிடம் அனுப்புவார்கள். மூவரில் யாரை வேண்டுமானாலும் அவர் எடுத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு விதியும் சேர்ந்ததும் வேலை முடிந்தது. எத்தனை மார்க் வாங்கினாலும் கறுப்பினத்தவர் படத்தோடு நின்றார்கள். சட்டம் ஒரு வரி கூட மாற்றத் தேவைப்படவில்லை. ஒரு போட்டோ போதுமானதாக இருந்தது. கறுப்பின மக்களின் ஸ்தாபனங்கள் ஆண்டுக்கணக்காகக் கண்டித்துப் போராடின. 1940-ல்தான் அந்த விதி ஒழிந்தது. ஆள் மாறாட்டத்தைத் தடுக்கப் படத்துக்குப் பதில் கைரேகை எடுத்தார்கள். அப்படியானால் 26 வருஷமாகப் படம் எதற்கு இருந்தது?

நம் நாட்டில் நிலைமை என்ன? இங்கே படம் கூட வேண்டாம், பெயரே போதும். சுகதேவ் தோராட், பால் அட்டெவெல் என்ற இரண்டு அறிஞர்கள் 2005 அக்டோபரில் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த தனியார் கம்பெனி வேலை விளம்பரங்களுக்கு மனுக்கள் போட்டார்கள். படிப்பு ஒன்றே, தகுதி ஒன்றே. பெயர் மட்டும் வேறு: ஒன்று மேல்சாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்கள், 4,808 மனுக்கள். 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். பேட்டிக்கு அழைக்கப்படுகிற வாய்ப்பு மேல்சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33! தகுதி, திறமை என்று நாளெல்லாம் கூவுகிற கனவான்களின் தராசு இதுதான்.

அதே 2007-ல் இன்னொரு ஆய்வு வந்தது. ஆள் எடுக்கும் அதிகாரிகளையே சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் கண்டு பேசினார்கள். நாங்கள் சாதியே பார்ப்பதில்லை என்றார்கள் அதிகாரிகள். ஆனால் 'குடும்பப் பின்னணி' அவசியம் பார்ப்போம் என்றார்கள்! தகப்பன் என்ன வேலை, ஊர் எது, யார் வளர்த்தார்கள் என்று விசாரிப்பார்களாம். பாம்புக்குச் சட்டை மாறினால் விஷம் போய்விடுமா?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி வாலை ஒட்டிக்கொள்வதில்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு அந்த வாலை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டது, ஜனங்களும் வெட்டினார்கள். இது நம் மண்ணின் பெருமை. ஆனால் வேலை மனுவைப் பாருங்கள். தகப்பன் பெயர், அவர் தொழில், சொந்த ஊர், தெரு, மதம், தாய்மொழி! வாலை வெட்டியாகிவிட்டது; அது எங்கே இருந்தது என்று தடவிப் பார்க்கிறார்கள்.

பெண்களிடம் இந்தப் படம் செய்கிற அக்கிரமம் தனி. ஜவுளிக் கடைக்கு ஆள் தேவை, 'நல்ல தோற்றம்' வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார்கள். சேலையை மடிக்கிற கைக்கும் முகத்தின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? முகத்தைப் பார்த்து எடுத்த அந்தப் பெண்ணைக் காலையிலிருந்து இரவு வரை நிற்க வைத்தார்கள். உட்கார ஒரு நாற்காலி போடு என்று சொல்வதற்குத் தமிழ்நாடு சட்டசபை 2021-ல் கடைகள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. முகத்துக்கு இருந்த அக்கறை காலுக்கு இல்லை!

மனிதன்தான் பாரபட்சம் பார்க்கிறான், இனி மிஷின் பார்த்து ஆள் எடுக்கும், கவலை வேண்டாம் என்று இப்போது ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அமேசான் கம்பெனி அப்படி ஒரு மிஷினைச் செய்தது. பத்து வருஷமாக வந்த மனுக்களை அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலும் ஆண்களின் மனுக்கள். மிஷின் பாடத்தை ஒழுங்காகப் படித்துக்கொண்டது! மனுவில் 'பெண்கள்' என்ற சொல் தென்பட்டாலே மார்க்கைக் குறைத்தது. கடைசியில் கம்பெனியே அதைக் கைவிட்டது. 2018-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் விஷயத்தை வெளியிட்டது. முதலாளி பார்த்த பாரபட்சத்தைத்தான் மிஷினும் பார்த்தது; குருவுக்கு ஏற்ற சீடன்.

வேலைக்குள் போன பிறகும் படம் விடுவதில்லை

கிராமத்து நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத் தலங்களிலும் தினம் இரண்டு தடவை தொழிலாளர்களைப் படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயப்படுத்தியது. சிக்னல் கிடைக்காத இடத்தில் படம் ஏறவில்லை. படம் ஏறாவிட்டால் வருகை இல்லை, வருகை இல்லாவிட்டால் கூலி இல்லை. காலையில் வெட்டிய மண்ணை முடித்துவிட்டுப் பகல் படத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள் நம் தாய்மார்கள். வெட்டிய பள்ளம் கண் முன்னே கிடந்தது. அளக்க ஆள் இல்லை, முகத்தைப் பிடிக்கத்தான் ஆள். ஊழலை ஒழிக்கும் ஏற்பாடு என்றார்கள். 2025 ஜூலையில் அதே சர்க்கார் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்தில் உள்ள தலைக்கும் கணக்கில் உள்ள தலைக்கும் பொருத்தமில்லை என்று அதில் அவர்களே எழுதினார்கள். திருடன் தப்பித்தான், சிக்னல் கிடைக்காத கூலிக்காரிதான் மாட்டிக்கொண்டாள். பிறகு 2025 டிசம்பரில் அந்த வேலை உறுதிச் சட்டத்துக்கே பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றினார்கள்.

சீமையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் ஊபர் ஈட்ஸ் கம்பெனிக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்த கறுப்பினத் தொழிலாளி ஒருவர், கம்பெனி கேட்டபோதெல்லாம் தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினார். இது உன் முகமல்ல என்று மிஷின் சொன்னது. 2021-ல் வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் விடவில்லை. தொழிற்சங்கமும் சமத்துவ கமிஷனும் துணை நிற்க வழக்காடினார். 2024-ல் கம்பெனி பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

நம்மைப் பற்றி எழுதியவன் யார்?

படத்தை விட்டு எழுத்துக்கு வருவோம். தொழிலாளியைப் பற்றி ஒரு தாள் எழுதி வைக்கிற வழக்கம் முதலாளிகளுக்குப் புதிதல்ல. முன்பு அவர்களே எழுதினார்கள்.

பிரான்சில் நெப்போலியன் காலத்தில், 1803-ல், ஒவ்வொரு தொழிலாளியும் கையில் ஒரு பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முன்னாள் முதலாளி அதில் கையெழுத்திட்டு விடுவித்தால்தான் இன்னொருவரிடம் வேலைக்குப் போகலாம். முன்பணம் பாக்கி இருந்தால் அதுவும் அந்தப் புத்தகத்தில் ஏறும். புத்தகம் இல்லாமல் ஊர் தாண்டினால் நாடோடி என்று பிடிப்பார்கள். 1890-ல்தான் அதை ஒழித்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கங்காணிகள் கூட்டிப் போன காலத்தில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. இன்ன கங்காணியின் ஆட்களை, இவ்வளவு கடனைக் கட்டினால், விட்டு விடுகிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. கொழுந்து பறித்தவளின் விரல் வேகம் அதில் இல்லை. காட்டை அழித்துத் தோட்டமாக்கியவனின் பலம் அதில் இல்லை. ஒரு மனிதனைப் பற்றி எழுதத் தகுந்த விஷயம் அவன் கடன் தொகை ஒன்றுதான் என்று துரை நினைத்தார். 1921-ல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்றைய முதலாளி கெட்டிக்காரன். அவன் எழுதுவதில்லை, நம்மையே எழுத வைக்கிறான். ஆனால் அவன் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்ட தாள்களை மட்டும் கொடுப்பதில்லை. இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்ததற்கு நியமன உத்தரவு எங்கே? வாங்கிய கூலிக்குச் சம்பளச் சீட்டு எங்கே? வேலையை விட்டு வரும்போது சர்வீஸ் சர்டிபிகேட் எங்கே? நிலையாணைச் சட்டத்தின் கீழ் 1946-ல் வந்த மாதிரி விதிகளிலேயே, நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றாலும் விலக்கப்பட்டாலும் சர்வீஸ் சர்டிபிகேட் பெற உரிமை உண்டு என்று எழுதியிருந்தது. முதலாளி என்ன செய்தான்? நிரந்தரத் தொழிலாளியையே இல்லாமல் செய்தான்! காண்டிராக்ட், கேம்ப் கூலி, அப்ரண்டிஸ் என்று பெயர் வைத்தான். பத்து வருஷம் ரிங் பிரேமில் நின்று இழை ஒட்டிய பெண், மில்லை விட்டு வெளியே வரும்போது, அந்த மில்லில் வேலை செய்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் வருகிறாள். அடுத்த மில் வாசலில் அவளிடம் கேட்கிறார்கள்: "பயோடேட்டா கொண்டு வந்தாயா? போட்டோ ஒட்டினாயா?"

என்ன பித்தலாட்டம் இது!

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கினார்கள். எல்லாத் தொழிலாளிக்கும் நியமன உத்தரவு கட்டாயம் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. மந்திரிகள் அதைத்தான் ஊர் ஊராகத் தம்பட்டம் அடித்தார்கள். சரி, உத்தரவைக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அதே தொகுப்புகளில், நிலையாணை கட்டாயமாக இருக்க வேண்டிய தொழிற்சாலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300 தொழிலாளராக உயர்த்தியதை ஏன் தம்பட்டத்தில் சேர்க்கவில்லை? 299 பேர் வேலை செய்கிற மில்லில் சேவை விதிகளை எழுதி ஒப்புதல் வாங்கும் கடமை முதலாளிக்கு இல்லாமல் போனதே! வலது கையால் ஒரு தாளைக் கொடுத்து இடது கையால் புத்தகத்தையே பிடுங்கினார்கள்.

விவசாயத் தொழிலாளிக்குத் தாளே கிடையாது. அவரைப் பற்றிச் சர்க்கார் எழுதுகிற ஒரே சொல் 'திறனற்றவர்'. கூலி நிர்ணயத்துக்கு அப்படித்தான் வகை பிரிக்கிறார்கள். 14 நாள் நாற்றை வேர் மடங்காமல் எடுத்து, 22.5 செ.மீ. இடைவெளியில் குத்துக்கு ஒன்றாக, சேற்றில் பின்னால் நகர்ந்துகொண்டே வரிசை பிசகாமல் நடுவது திறமை இல்லையா? நடவு வயலில் அந்த அதிகாரி ஒரு முழம் நட்டுக் காட்டட்டும். நாற்று மிதக்கும்! கோரையையும் நெல்லையும் முளையிலேயே கண்டுபிடிக்கிற கண், மடை திறக்கிற நேரம் அறிந்த புத்தி, கதிரைக் கடித்துப் பார்த்து அறுப்பு நாள் சொல்கிற பல் — இவையெல்லாம் திறமை இல்லை. சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வது திறமை! 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் தொடங்கிய ஈ-ஷ்ரம் பதிவில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் தங்கள் விவரத்தைக் கொடுத்தார்கள். படம் ஒட்டிய கார்டும் 12 இலக்க எண்ணும் வந்தன. கூலி உயர்வு அந்தக் கார்டோடு வரவில்லை.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு

"நீங்கள் கட்சியும் சங்கமும் பேசுங்கள், நாளைக்குப் பேட்டி இருக்கிறது, பையன் என்ன செய்வான்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மனுவே போடாதே என்று நாங்கள் சொல்லவில்லை.

எழுது தம்பி. ஒரு பக்கம் போதும். ஊக்கம் மிகுந்தவன் என்பது போன்ற வெத்து வார்த்தைகளைத் தள்ளு. எல்லோரும் அதையே எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. செய்த வேலையை எழுது. எந்த மிஷின், எந்த நம்பர் நூல், எத்தனை சைடு பார்த்தாய், எத்தனை மாதம், யார் கற்றுக் கொடுத்தார்கள், பழுது வந்தால் எதுவரை நீயே பார்ப்பாய்? தெரியாததைத் தெரியும் என்று எழுதாதே. மிஷின் முன்னால் நிறுத்தினால் ஐந்து நிமிஷத்தில் வெளுத்துவிடும். தகப்பன் தொழில், மதம், தெருப் பெயர் இவற்றைக் கேட்காத இடத்தில் நீயாக எழுதாதே. உன்னோடு பேச ஒரு போன் நம்பரும், கடிதம் வர ஒரு விலாசமும் போதும். சர்க்கார் பரீட்சைக்குப் படம் கட்டாயம் என்றால் கொடு, பரீட்சை மண்டபத்தில் ஆளைச் சரிபார்க்க அது தேவை. துவைத்த சட்டை, வெளிச்சமான சுவர், நேரான பார்வை போதும். கோட்டும் வேண்டாம், நிறத்தை வெளுக்கவும் வேண்டாம். உன் தாயின் நிறம் அது, கம்ப்யூட்டரில் அழிக்கிற அழுக்கல்ல.

சங்கங்கள் கேட்க வேண்டியது வேறு. படமும் குடும்ப விவரமும் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் கேட்கப்பட வேண்டும், வாசல் பாசுக்கு மட்டும் பயன்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். வெறும் சட்டத்தை நம்பிப் பயனில்லை. பிரான்சில் 2006-ல் பெயரும் படமும் இல்லாத மனு முறையை, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பெனிகளுக்குச் சட்டமாக்கினார்கள். அமலாக்கும் ஆணையைப் பிறப்பிக்காமலே ஒவ்வொரு சர்க்காரும் இழுத்தடித்தது. 2015-ல் அதை இஷ்டப்பட்டால் செய்யலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

மில்லில் இப்போது வேலையில் இருக்கிற தோழர்கள் இந்த வாரமே ஒன்று செய்யலாம். பிராவிடண்ட் பண்ட் வலைத்தளத்தில் உங்கள் யூஏஎன் எண்ணைப் போட்டால் சர்வீஸ் விவரம் என்று ஒரு பக்கம் வரும். எந்த நிறுவனம், என்றைக்குச் சேர்ந்தது, என்றைக்கு விலகியது எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளையிடம் சொல்லி அச்செடுங்கள். மில்லின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காண்டிராக்டர் பெயர் இருக்கிறதா, வேலைக்கு வந்த மாதங்கள் விட்டுப் போயிருக்கின்றனவா, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகச் சேர்ந்தது போலத் தேதி மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தத் தாளோடு, வைத்திருக்கிற சம்பளச் சீட்டு, பழைய வாசல் பாஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அதே டிபார்ட்மெண்ட் தோழர்கள் நாலு பேராகச் சேர்ந்து சங்க அலுவலகத்துக்கு வாருங்கள்.